ஆவுளியாவின் பனிக்கடல் சொந்தம்

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் ஆவுளியா என்ற கடல்பசுவைத் தெரியாத கடலோடி இருக்க மாட்டார். கடல்புல் மேயும் அந்தச் சாதுவுக்குப் ரஷ்யாவுக்கும் அலாஸ்காவுக்கும் இடையிலுள்ள பெரிங் கடலில் ஒரு பிரம்மாண்டமான சொந்தம் இருந்தது. ஸ்டெல்லர் கடல்பசு. 1741-ல் கண்டார்கள், 1768-க்குள் வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். பாவிகள்!

அப்புறம் பழைய எலும்புகளிலிருந்து எடுத்த டிஎன்ஏவை ஆராய்ந்து 2022-ல் முடிவு வெளியிட்டார்கள். தோலைப் பராமரிக்கும் லிப்பாக்சிஜனேஸ் மரபணுக்கள் அதற்குச் செயலிழந்திருந்தன. அதன் மரப்பட்டைத் தோலுக்கு அதுதான் காரணமாம். அதே மரபணுக்கள் மனிதரிடம் கெட்டால் இக்தியோசிஸ் என்ற செதில்தோல் நோய் வரும். நமக்கு நோயாவது அங்கே குளிருக்குக் கவசமாகியிருக்கலாம்.

அதே 2022-ல்தான் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கு ஒதுக்கினார்கள். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தையும் சேர்த்திருக்கலாம்.