கேள்வியில் இல்லாத மேட்சைப் பார்க்காதீர்கள்: கூடைப்பந்து நடுவர் தேர்வில் நான் வழுக்கிய இடங்கள்

முதல் தடவை நடுவர் தேர்வு எழுதியபோது எனக்கு மூன்று மார்க் குறைந்தது. பதினைந்து வருடமாக ஆடுகிறவன், பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவன், காரைக்குடி தேவகோட்டைப் பக்கம் ராத்திரி லைட் போட்டு எந்த டோர்னமென்ட் நடந்தாலும் கழுத்தில் விசிலோடு நிற்கிறவன். ஓட்டத்தில் பிரச்சினை இல்லை, வாய்மொழியிலும் சமாளித்துவிட்டேன். எழுத்துத் தேர்வில், அதுவும் சரியா தவறா என்று டிக் அடிக்கிற கேள்விகளில் போய் விழுந்தேன். வெளியே வந்ததும் கேள்வியைக் குறை சொன்னேன். கூட எழுதிய தம்பி ஒருவன், உடற்கல்விக் கல்லூரியில் படித்தவன், சிரித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணே, நீங்க கேள்வியைப் படிக்கல, மனசுக்குள்ள மேட்ச் பார்த்திருக்கீங்க."

அன்றைக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னதுதான் சரி. ஆடிப் பழகியவனுக்குக் கேள்வியின் முதல் வரியிலேயே காட்சி ஓட ஆரம்பித்துவிடும். யார் தள்ளினான், யார் நடித்தான், நானாக இருந்தால் விசில் ஊதியிருப்பேனா என்று பாதியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டு, மீதி வரியை மேலோட்டமாகப் பார்ப்போம். விடையோ அந்த மீதி வரியில் இருக்கும்.

எனக்கு மார்க் போன கேள்வியையே எடுத்துக்கொள்வோம். கேள்வியில் அணிகள் ஏ, பி என்றும் ஆட்டக்காரர்கள் ஏ1, பி2 என்றும் வருவார்கள். ஏ அணிக்கு அந்தக் கால்பகுதியில் நாலு டீம் ஃபவுல் (அணியின் கணக்கில் ஏறும் தவறுகள்) ஆகிவிட்டது. ஏ1 ஷாட் அடிக்கிறான், பந்து காற்றில் இருக்கும்போது ரீபவுண்டுக்காக (திரும்பி வரும் பந்தைப் பிடிக்க) ஏ2, பி2வைத் தள்ளுகிறான். பந்து கூடைக்குள் விழுகிறது. அடுத்து என்ன? நான் எழுதியது: தாக்கும் அணியின் ஃபவுல், அதனால் ஃப்ரீ த்ரோ கிடையாது, பி அணிக்கு த்ரோ-இன், அதாவது கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போடும் வாய்ப்பு. பந்தை வைத்திருக்கும் அணி ஃபவுல் செய்தால், அது எத்தனையாவது டீம் ஃபவுலாக இருந்தாலும் ஃப்ரீ த்ரோ இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விதிதானே? தெரிந்ததுதான். ஆனால் ஷாட் அடித்த பந்து கையை விட்டுப் போன கணமே ஏ அணியின் டீம் கண்ட்ரோல் முடிந்துவிட்டது. பந்து காற்றில் இருக்கும்போது அது யார் வசமும் இல்லை. அதனால் ஏ2 செய்தது சாதாரண ஐந்தாவது டீம் ஃபவுல். கூடை செல்லும், பி2வுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இதே தள்ளல் ஷாட்டுக்கு அரை விநாடி முன்னால், ஏ1 பந்தைக் கையில் வைத்திருக்கும்போது நடந்திருந்தால் என் விடை சரி. கேள்வி எழுதியவர் "பந்து காற்றில்" என்ற இரண்டே சொல்லில் என்னைக் கவிழ்த்தார். நான் மட்டும் தாக்கும் அணி, தடுக்கும் அணி என்று டிவி வர்ணனை பாஷையில் யோசித்துக்கொண்டிருந்தேன். விதிப்புத்தகம் கேட்பது பந்து யார் கண்ட்ரோலில் இருக்கிறது என்பதை.

அப்புறம்தான் கேள்வியைப் படிக்கிற முறையையே மாற்றினேன். பந்து லைவா (ஆட்டத்தில் இருக்கிறதா) டெட்டா (ஆட்டம் நின்றிருக்கிறதா), எந்த அணியின் கண்ட்ரோல், கடைசியாகத் தொட்டது யார், தொட்டபோது அவன் கால் எங்கே? இந்த நாலையும் ஓரத்தில் பென்சிலால் குறித்த பிறகுதான் விடையைத் தொடுவேன். முதல் பத்துக் கேள்விக்கு நேரம் இழுக்கும், பிறகு பழகிவிடும்.

பேக் கோர்ட் கேள்விகளுக்கு, அதாவது எதிரணிப் பாதிக்கு (ஃப்ரண்ட் கோர்ட்) போன பந்தைத் தன் பாதிக்கு (பேக் கோர்ட்) திருப்புவது பற்றிய கேள்விகளுக்கு, எனக்குக் கை கொடுத்தது எங்கள் வீட்டு வளவுதான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. பூப்போட்ட கல் முடிந்து சிவப்புக் கரை தொடங்குகிற இடத்தை நடுக்கோடாக வைத்துக்கொண்டேன். பல்லாங்குழிச் சோழிகள் ஆட்டக்காரர்கள், ஒரு புளியங்கொட்டை பந்து. அப்பத்தா வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, ஒத்த ஆளா பல்லாங்குழி ஆடுற?" என்று கேட்டார். சொன்னால் சிரிப்பார் என்று சும்மா இருந்துவிட்டேன்.

அந்தத் தரையில் வைத்துப் பார்த்த ஒன்று. ஏ1 ஃப்ரண்ட் கோர்ட்டில் டிரிபிள் செய்கிறான், பி1 பந்தைத் தட்டிவிடுகிறான், அது ஏ அணியின் பேக் கோர்ட்டுக்கு ஓடுகிறது, ஏ2 போய் எடுக்கிறான். தவறில்லை, கடைசியாகத் தொட்டது பி1. சரி, இப்போது ஒரே ஒரு மாற்றம்: பி1 தட்டிய பந்து ஏ1 காலில் பட்டுவிட்டுப் பேக் கோர்ட்டுக்குப் போகிறது, ஏ2 எடுக்கிறான். இது வயலேஷன் (ஃபவுல் அல்லாத விதிமீறல்). ஏ1 வேண்டுமென்று தொடவில்லையே, பாவம்தானே என்று மனசு சொல்லும். பாவ புண்ணியத்துக்கு அங்கே இடமில்லை. ஃப்ரண்ட் கோர்ட்டில் கடைசியாகத் தொட்டது ஏ அணி, பேக் கோர்ட்டில் முதலில் தொட்டதும் ஏ அணி.

இன்னொன்று, இதைப் படித்த எல்லோரும் ஒரு தடவையாவது தப்பாகச் சொல்லியிருப்பார்கள். ஏ1 ஃப்ரண்ட் கோர்ட்டிலிருந்து பாஸ் கொடுக்கிறான், பந்து ஏ அணியின் பேக் கோர்ட்டில் நிற்கும் நடுவர் மேல் பட்டு, திரும்ப ஃப்ரண்ட் கோர்ட்டுக்கே வருகிறது, ஏ2 அங்கேயே பிடிக்கிறான். ஏ2வின் கால் கோட்டைத் தாண்டவே இல்லை. இருந்தும் வயலேஷன், ஏனென்றால் நடுவர் மேல் பட்டால் அவர் நிற்கும் தரையில் பட்ட கணக்கு. சோழியைத் தூக்கிவிட்டு அது இருந்த கல்லில் பந்து பட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், குழப்பம் போய்விடும். நடுக்கோடு பேக் கோர்ட்டைச் சேர்ந்தது. எல்லைக்கோடு வெளியே. மூன்று புள்ளிக் கோட்டை மிதித்து அடித்தால் இரண்டு. கோடு யாருக்குச் சொந்தம் என்பதைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டிரிபிள் செய்துகொண்டே கோட்டைத் தாண்டுகிறவனுக்கு இரண்டு காலும் பந்தும் ஃப்ரண்ட் கோர்ட்டைத் தொட்டால்தான் ஃப்ரண்ட் கோர்ட். ஒரு கால் பின்னால் இருந்தால் அவன் திரும்பிப் போகலாம், ஆனால் பேக் கோர்ட்டைக் கடக்கக் கொடுத்த 8 விநாடி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஷாட் கிளாக், அதாவது ஷாட் அடிக்கக் கொடுத்த விநாடிகளை எண்ணும் கடிகாரம், தனி உலகம். நான் பார்த்தவரை எல்லோரும் 14, 24 என்று எண்ணை மனப்பாடம் செய்கிறார்களே தவிர, அடுத்த த்ரோ-இன் எங்கே என்று கேட்பதில்லை. தடுக்கும் அணி வேண்டுமென்றே பந்தைக் காலால் உதைக்கிறது என்று வையுங்கள். த்ரோ-இன் பேக் கோர்ட்டில் என்றால் 24. ஃப்ரண்ட் கோர்ட்டில் என்றால், கிளாக்கில் 14 அல்லது அதற்கு மேல் இருந்தால் அப்படியே தொடரும், 13 அல்லது குறைவாக இருந்தால் 14. இதில் "வேண்டுமென்றே" என்ற சொல் விழுந்துவிட்டால் எல்லாம் மாறும். தற்செயலாகக் காலில் பட்டது வயலேஷனே இல்லை. அப்படிப் பட்டு வெளியே போனால் மிச்சமிருக்கும் நேரம்தான். ஷாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் பந்தைப் பிடித்து இழுத்து, அம்பு (அடுத்த பந்து யாருக்கு என்று மேசையில் காட்டும் குறி) தாக்கிய அணிக்கே இருந்தால், பந்து வளையத்தில் பட்டிருந்தால் 14, படாமல் போயிருந்தால் மிச்ச நேரம். போர்டில் மட்டும் பட்டது வளையத்தில் பட்டதாகாது.

டிவியால் கெட்ட கதை வேறு. என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) பார்த்து வளர்ந்த பையன்கள் கூடைக்கு அருகில் நிற்கும் தடுப்பாட்டக்காரனுக்கு மூன்று விநாடி விதி உண்டு என்று சத்தியம் செய்வார்கள். நம் தேர்வுக்கு அடிப்படையான ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதியில் அது கிடையாது. ஷாட் அடித்த பந்து வளையத்தில் பட்டு மேலே உருண்டுகொண்டிருக்கும்போது தடுக்கும் அணிக்காரன் தட்டிவிட்டால் என்பிஏயில் கோல் டெண்டிங் (தொடக்கூடாத நேரத்தில் பந்தைத் தொட்டது), ஃபிபாவில் சரியான ஆட்டம். கோர்ட்டில் அப்படி விட்டதற்காக நானே பார்வையாளர்களிடம் வசை வாங்கியிருக்கிறேன். மொபைலில் கிடைக்கும் பயிற்சிக் கேள்விகளில் பாதி அமெரிக்கப் பள்ளி விதிகளை வைத்து எழுதியவை, அதில் நூற்றுக்கு நூறு வாங்கினால் நமக்கு ஆபத்து அதிகம்.

பழைய நோட்டும் அதே மாதிரிதான். சீனியர் ஒருவர் அன்பாகக் கொடுத்த நோட்டில், கடைசி இரண்டு நிமிடத்தில் த்ரோ-இன் பந்து இன்னும் வெளியே இருக்கும்போது தடுக்கும் அணி ஃபவுல் செய்தால் அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் (கடுமையான ஃபவுல்) என்று இருந்தது. ஒரு காலத்தில் அது சரி. 2022 விதியிலிருந்து அது த்ரோ-இன் ஃபவுல்: ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் அதே அணிக்கு. ஃபிபா புதிய விதிகளைப் பெரும்பாலும் அக்டோபர் 1-இல் அமலுக்குக் கொண்டுவரும், 2024 பதிப்பும் அப்படித்தான். அதனால் நோட்டு வாங்கும்போது முதலில் வருடத்தைக் கேளுங்கள். ரூல் புக்கோடு விளக்கப் புத்தகம் ஒன்றையும் ஃபிபா வெளியிடுகிறது. என் அனுபவத்தில் குழப்பமான கேள்விகள் பெரும்பாலும் அதிலுள்ள உதாரணங்களின் பெயரை மாற்றி, அணியைத் திருப்பிப் போட்டு வந்தவை. இரண்டில் ஒன்றைத்தான் ஆழமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் விளக்கப் புத்தகத்தைப் படியுங்கள் என்பேன். பலர் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நம்மைப் போலத் தமிழில் படித்தவர்களுக்கு இன்னொரு சிக்கல், கேள்வித்தாள் ஆங்கிலத்தில் வரும். விதியில் "ஷால்" என்று வந்தால் கட்டாயம், "மே" என்று வந்தால் விருப்பம். "ஏர்போர்ன்" என்றால் குதித்து இன்னும் தரை தொடாதவன், அவன் கடைசியாக மிதித்த இடத்தில்தான் இருப்பதாகக் கணக்கு. "எப்போதும்", "மட்டும்" என்ற பொருளில் ஒரு சொல் கேள்வியில் தெரிந்தால் அதன் கீழ் கோடு போடுங்கள், விதிவிலக்கு ஒன்றாவது ஞாபகம் வருகிறதா என்று பாருங்கள். தவறுதலாகத் தன் கூடையிலேயே போட்டுவிட்டால் எதிரணிக்கு இரண்டு புள்ளி, ஸ்கோர் ஷீட்டில் களத்திலிருக்கும் எதிரணி கேப்டன் பெயரில் ஏறும். வேண்டுமென்றே போட்டால் வயலேஷன், கூடை செல்லாது. ஒரு சொல்தான் வித்தியாசம். பந்தோடு விழுந்து தரையில் சறுக்குவது தவறில்லை, அங்கிருந்து உருண்டாலோ பந்தோடு எழுந்தாலோ டிராவலிங் (பந்தோடு விதி மீறி நகர்வது). கேம் கிளாக்கில் 0.3 இருந்தால் பிடித்து அடிக்க முடியும், 0.2 என்றால் தட்டிவிட வேண்டும் அல்லது நேராக டங்க் போட வேண்டும், பிடித்து அடித்தது எவ்வளவு அழகாக விழுந்தாலும் செல்லாது.

இரண்டாவது தடவை எழுதியபோது தேறிவிட்டேன். வீட்டுக்கு வந்து அதே வளவில் உட்கார்ந்து சரிபார்த்தேன், நிச்சயமாகத் தப்பு என்று தெரிந்தது இரண்டு. ஒன்று நேரம் போதாமல் விட்டது. இன்னொன்று அந்த உதைத்த பந்து கேள்வி. ஃப்ரண்ட் கோர்ட், கிளாக்கில் 16 என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள், நான் 14 என்று டிக் அடித்திருக்கிறேன்.