ஒரே தண்ணீர், இரண்டு உயரம்

ஒரே ஏரியின் நீர்மட்டத்துக்கு என் மேசையில் இரண்டு எண்கள் இருந்தன. ஆஸ்திரிய வரைபடத்தில் ஒன்று, ஹங்கேரிய வரைபடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் அரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். எங்கோ தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன் என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன். அப்புறம்தான் சக ஊழியர் சொன்னார்: ஆஸ்திரியா ஏட்ரியாட்டிக் கடல்மட்டத்திலிருந்து உயரத்தை அளக்கிறது, ஹங்கேரி பால்டிக் கடல்மட்டத்திலிருந்து. தண்ணீர் ஒன்றுதான்.

அந்த ஏரிக்கு ஜெர்மன் மொழியில் நொய்சீட்லர் ஸே, ஹங்கேரிய மொழியில் ஃபெர்ட்டோ. பரப்பு சுமார் 315 சதுர கிலோமீட்டர், அதில் ஏறத்தாழ 75 ஹங்கேரியின் பங்கு. ஆழமான இடத்திலும் இரண்டு மீட்டர் தேறாது. பாதிக்கு மேல் நாணல் காடு. ஏரியையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து 2001-இல் யுனெஸ்கோ இரு நாடுகளுக்கும் பொதுவான பண்பாட்டு நிலத்தோற்றமாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. அங்கே என்ன கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்று ஆலோசனை சொல்லும் சிறிய நிறுவனம் ஒன்றில் நான் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன்.

எல்லை என்றால் அங்கே வெறும் கோடில்லை. பனிப்போர்க் காலம் முழுக்க, கம்யூனிஸ்ட் கிழக்கையும் மேற்கையும் பிரித்த இரும்புத்திரை இந்த நாணலுக்குள்ளேயே போனது. 1989 ஆகஸ்ட் 19 அன்று ஹங்கேரிய ஊரான ஷோப்ரோன் அருகே எல்லையில் நடந்த 'ஐரோப்பிய பிக்னிக்'கில் ஒரு மரக்கதவு திறந்ததும் அறுநூறுக்கும் மேற்பட்ட கிழக்கு ஜெர்மானியர்கள் ஆஸ்திரியாவுக்குள் ஓடினார்கள். இன்று மோர்பிஷ் ஊரிலிருந்து ஃபெர்ட்டோராகோஷுக்கு சைக்கிளில் போய்விடலாம். ஆனால் சட்டங்கள் அப்படிச் சுலபமாக எல்லை தாண்டுவதில்லை. ஹங்கேரியப் பக்கத் தேசியப் பூங்கா 1991-இல் வந்தது, பெரும்பாலும் அரசு நிலம். ஆஸ்திரியப் பக்கம் 1993-இல் வந்தது, அங்கே நிலம் தனியார் கையில். பூங்கா அதைக் குத்தகைக்கு எடுத்து, உழாமல் விட்டதற்கு ஈடு கொடுக்கிறது. இரு கரைக்கும் வந்துபோகும் ஒரே பறவையைக் காக்க, ஒரு கரையில் அதிகாரியிடம் பேச வேண்டும், மறு கரையில் விவசாயியிடம் பேச வேண்டும்.

என்னை இன்றும் உறுத்துவது ஒரு திராட்சைத் தோட்டக்காரரின் கட்டட விண்ணப்பம். மேற்குக் கரை ஊர்களில் வீடுகள் தெருவுக்குக் குறுகிய முகம் காட்டி, பின்னால் நீண்டுகொண்டே போகும். ஓரமாக ஒடுங்கிய முற்றம், கடைசியில் களஞ்சியம். அழகுதான், ஆனால் இன்றைய டிராக்டர் அந்த முற்றத்தில் நுழையாது. ஊருக்கு வெளியே, தோட்டத்தின் ஓரத்தில், திராட்சை பிழியவும் வண்டி நிறுத்தவும் ஒரு கொட்டகை கேட்டார் அவர். அந்த இடத்தில் நின்றால் ஏரி முழுதும் தெரியும். சைக்கிள் பாதையிலிருந்து படமெடுத்து, கணினியில் கொட்டகையைப் பொருத்திப் பார்த்து, 'காட்சிக்குப் பாதிப்பு அதிகம்' என்று எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பம் திரும்பிப் போனது.

அவர் கோபப்படவில்லை. "நீங்கள் காப்பாற்றுகிற இந்தக் காட்சி எங்கள் வேலையால் வந்தது. கவாத்து செய்ய ஆளில்லாமல் போனால் இங்கே எதைப் படமெடுப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வசந்தத்தில் அவருடைய தோட்டத்தில் ஒரு பாத்தி கவாத்து செய்யாமல் காடு மண்டிக் கிடந்தது. நான் எடுத்த படத்தின் நடுவில் இருந்த பாத்தி அது. அதைப் பார்த்த பிறகுதான் ஒன்று புரிந்தது: அறிக்கையில் கொட்டகையை ஒரு பொருளாகப் பார்த்தேனே தவிர, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்குமே எழுதவில்லை. படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை. பிறகு கட்டடத்தைச் சரிவுக்குள் பாதி புதைத்து, கூரையைத் தாழ்த்தி, உள்ளூர்க் கல்லில் கட்ட அனுமதி கிடைத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்தப் பாத்தியை அதற்குள் கொடியோடு பிடுங்கிவிட்டார்கள்.

நாணலும் அப்படித்தான். கூரை வேயக் குளிர்காலத்தில் அறுப்பார்கள். அறுக்காமல் விட்ட நாணல் முதிர்ந்து முறிந்து விழுந்து சேறாகிறது. முன்பு ஏரி உறைந்ததும் பனிக்கட்டி மேல் நின்று அறுத்தார்கள், கிழங்குக்குச் சேதமில்லை. இப்போது பல குளிர்காலங்களில் பனிக்கட்டி கெட்டிப்படுவதே இல்லை. கனமான இயந்திரம் சேற்றில் இறங்கினால் கிழங்கு நசுங்கி, அந்த இடத்தில் நாணல் மறுபடி வருவதில்லை.

ஆனால் பெரிய சண்டை தண்ணீருக்குத்தான். இந்த ஏரிக்கு இயற்கையாக வடிகால் கிடையாது. மழையால் நிறைகிறது, வெயிலால் குறைகிறது. 1860-களில் முழுக்க வற்றியே போயிருக்கிறது. வெட்டிய கால்வாய் ஒன்று உண்டு, அதன் மதகு ஹங்கேரியில். எப்போது திறப்பது என்பதை 1956 ஒப்பந்தப்படி அமைந்த கூட்டு ஆணையம் பேசி முடிவு செய்கிறது. 2022 கோடையில் நீர்மட்டம் மிகவும் இறங்கி, படகுகள் சேற்றில் நின்றன. டான்யூப் நீரைக் கால்வாய் வழியே கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. படகுத்துறைக்காரர்களின் பயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்தத் திட்டம் வேண்டாம் என்பதே என் கருத்து. இது உப்பு ஏரி. நன்னீர் புகுந்து, மிகுந்தது மதகு வழியே வெளியேறினால் உப்பும் கூடவே போய்விடும். தண்ணீரில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது: கிழக்குக் கரையில் நூற்றுக்கும் மேல் இருந்த உப்புக் குட்டைகள், நிலத்தடி நீரை வடித்ததாலும் பாசனத்துக்கு இறைத்ததாலும் இன்று சில பத்துகளாகச் சுருங்கிவிட்டன.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஹங்கேரியப் பூங்கா ஊழியர் ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்த பெண்மணி, வற்றிய குட்டை ஒன்றுக்குக் கூட்டிப்போனார். தரை வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது. ஓரமெல்லாம் சிவந்த, சதைப்பற்றுள்ள சிறு செடிகள். குனிந்து பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேதாரண்யம் உப்பளக் கரையில் என் அப்பாயி பறித்து வந்து புளி விட்டுச் சமைக்கும் உமரிக்கீரைக்கு இது நெருங்கிய சொந்தம். கூட வந்த பெண்மணிக்கு இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஒரு நுனியைக் கிள்ளி வாயில் போட்டேன். அவரும் ஒன்றைக் கிள்ளிக்கொண்டார். அதே கரிப்பு.