நின்ற கார் மேல் பக்கத்து வீட்டு மரம் விழுந்தது: நஷ்ட ஈடு வாங்கிய கதை

விடியற்காலை 4 மணி இருக்கும். படாரென்று ஒரு சத்தம், அதன் பின்னாலேயே கார் அலாரம் நிற்காமல் கத்த ஆரம்பித்தது. ஜன்னலைத் திறந்து பார்த்தால் தெருவே தெரியவில்லை, ஒரே இலையும் கிளையும். பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவருக்கு உள்ளே நின்ற பெரிய மரம், சுவரையும் இடித்துக்கொண்டு என் கார் மேல் சாய்ந்து கிடந்தது. முன்கண்ணாடி உள்ளே போய்விட்டது. ஓட்டுநர் பக்கத்துக் கூரை, இருக்கையின் தலைப்பகுதியைத் தொடும் அளவுக்கு அமுங்கியிருந்தது. இரண்டு நாள் கழித்து அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டிய வண்டி அது.

ஓடிப்போய் காரைத் தொடத்தான் கை பரபரத்தது. தொடவில்லை. மரம் விழும்போது கூடவே மின்கம்பியை இழுத்திருந்தால் காரின் உடம்பு முழுக்க மின்சாரம் இருக்கலாம், இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. மின்வாரியத்துக்குப் போன் போட்டு, அவர்கள் வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பக்கத்தில் போனேன்.

அதற்குள் நன்றாக விடிந்துவிட்டது. வீட்டு உரிமையாளர் வேறு இடத்தில் இருப்பவர், செய்தி போய் வந்து சேர்ந்தார். வயதானவர், அவருக்கும் பதற்றம்தான். "தம்பி, ராத்திரி அடிச்ச காத்துக்கு நான் என்ன பண்ண முடியும்? இது கடவுள் செயல்" என்றார். கூடவே மரம் வெட்டும் ஆட்களையும் கையோடு கூட்டி வந்திருந்தார், ரம்பம் ஓட ஆரம்பித்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் காரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் அக்கா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அடியைப் போய்ப் பாருங்க தம்பி. அங்க காளான் வருதுன்னு நான் அப்பவே சொன்னேன்."

போய்ப் பார்த்தேன். இந்தப் பதிவை எழுதுவதற்கே காரணம் அங்கே நான் பார்த்ததுதான். முறிந்த அடிமரத்தின் நடுப்பகுதி முழுக்கப் பழுப்பு நிறத்தில் பொடிந்து கிடந்தது, ஈரமான மரத்தூளில் விரலை விடுவதுபோல என் விரல் இரண்டு கணு வரை உள்ளே போனது. தெருப் பக்கம் மட்டும் பிறை நிலா மாதிரி ஒரு பட்டை நல்ல மரம் வெள்ளையாக இருந்தது, இத்தனை நாள் அதன் பலத்தில்தான் மரம் நின்றிருக்கிறது. மண்ணோடு ஒட்டித் தட்டுத் தட்டாகக் காளான், ஒவ்வொன்றும் உள்ளங்கையை விடப் பெரியது, கல் மாதிரிக் கெட்டி. அந்த மாதிரிக் காளான் ஒரு ராத்திரியில் முளைப்பதில்லை. இன்னொரு பக்கம் இரண்டு பெரிய வேர்கள் பிய்ந்த மாதிரி இல்லாமல் நேராக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தன. எப்போதோ தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது வெட்டியிருக்கிறார்கள், வெட்டிய முகம் கறுத்துப் பழசாகிவிட்டது.

வெட்ட வந்தவர்களிடம் அரை மணி நேரம் அவகாசம் கேட்டேன். அவர்களில் மூத்தவர் ரம்பத்தை நிறுத்திவிட்டு, "எடுத்துக்கங்க சார், இது நேத்து இன்னைக்குச் செத்த மரம் இல்ல" என்றார். அளவு தெரிய சாவிக்கொத்தைப் பக்கத்தில் வைத்து அடிமரம், காளான், வெட்டுப்பட்ட வேர், மரம் நின்ற குழி, சுவருக்கு உள்ளே அது நின்ற இடம், எல்லாவற்றையும் தூரத்திலிருந்தும் கிட்டத்திலிருந்தும் படம் எடுத்தேன், அப்புறம் நிறுத்தாமல் ஒரு வீடியோ. அடிமரத்திலிருந்து ஒரு வட்டத் துண்டு அறுத்துத் தரச் சொல்லிக் கேட்டேன், உரிமையாளரும் தடுக்கவில்லை. மதியத்துக்குள் மற்றதெல்லாம் லாரியில் ஏறிப் போய்விட்டது. கார் எங்கும் போகாது, ஒரு வாரம் கழித்தும் படம் எடுக்கலாம். மரம் அன்றைக்கே போய்விடும்.

இப்போது இன்சூரன்ஸ். நிறையப் பேர் குழப்பிக்கொள்வது இங்கேதான், நானும் முதல் நாள் குழம்பினேன். "மரம் யாருடையது, தப்பு யார் மேல்" என்பது ஒரு கேள்வி, "என் காரைச் சரிசெய்யப் பணம் எங்கிருந்து வரும்" என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடை நம் பாலிசியில் இருக்கிறது, முதலாவது முடிவாகும் வரை அது காத்திருக்கத் தேவையில்லை. தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருந்தால் மரம் விழுந்ததற்கு ஒன்றும் கிடைக்காது. அது நம் வண்டியால் மற்றவருக்கு வரும் நஷ்டத்துக்கானது. நம் வண்டிக்கு வரும் சேதத்தையும் சேர்த்துக்கொள்ளும் முழுக் காப்பீடு வேண்டும், அதில் பொதுவாகப் புயல், வெள்ளம், தீ, மேலிருந்து விழும் பொருள் எல்லாம் அடங்கும். கார் பழசாகிவிட்டதே, தேர்ட் பார்ட்டிக்கு மாற்றிவிடலாமா என்று போன புதுப்பித்தலின்போது வீட்டில் பேச்சு வந்தது. மாற்றாமல் விட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குப் புரிந்தது.

காலை 9 மணிக்கே இன்சூரன்ஸ் நிறுவனத்தில் சொல்லி கிளைம் எண் வாங்கிவிட்டேன். தாமதமாகச் சொன்னால் அதுவே தகராறு ஆகும். சர்வேயர், அதாவது சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் ஆள், வந்து பார்க்கும் வரை காரை வேலைக்கு விடக் கூடாது. அதற்காக மழையில் நனைய விடவும் கூடாது, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது. நல்ல தார்ப்பாய் வாங்கி மூடிக் கட்டினேன், அந்த ரசீதையும் கிளைமில் சேர்த்தேன், கொடுத்தார்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்கவே இல்லை.

மறுநாள் வந்த சர்வேயர் நிதானமான மனிதர். நசுங்கிய பானெட்டை அவர் ஒரு பார்வை பார்த்ததோடு சரி, நேராகக் கதவுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கூரையைத் தாங்கும் தூண்களுக்குப் போனார். டேப் வைத்துக் குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தார். "கூரை மட்டும்னா மாத்திடலாம் சார். தூண் வளைஞ்சிருந்தா நாளைக்கு ஒரு விபத்துல அது உங்களைக் காப்பாத்தாது" என்றார். பழுது பார்க்கும் செலவு காரின் அன்றைய மதிப்பில் ஒரு அளவைத் தாண்டினால் மொத்த இழப்பு என்று முடித்துவிடுவார்கள். அந்த அளவு பாலிசிக்குப் பாலிசி மாறும். என் கார் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் நின்றது. ஒரு தூணும் கூரையும் மாற்ற வேண்டும் என்று எழுதினார்.

வந்த தொகையில் இரண்டு கழிவு இருந்தது. ஒன்று டிடக்டிபிள், ஒவ்வொரு கிளைமிலும் நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. இன்னொன்று தேய்மானம், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் புதுசின் விலை முழுசாகத் தரமாட்டார்கள். இது தவிர, டிக்கியில் அம்மாவின் சக்கர நாற்காலி இருந்தது, நசுங்கிவிட்டது. காருக்குள் வைத்திருக்கும் பொருளுக்கும் காரின் பாலிசிக்கும் சம்பந்தம் இல்லை என்றார்கள். கார் பட்டறையில் கிடந்த 5 வாரமும் வாடகைக் காரில்தான் அம்மாவை அழைத்துப் போனேன். அதற்கும் நான் தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் கிடைக்கும், கட்டவில்லை. கிளைம் கேட்காமல் இருந்தால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அடுத்த வருஷத்து நோ கிளைம் போனஸ், அதுவும் போனது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் சின்னத் தொகை இல்லை. உரிமையாளரிடம் கேட்க வேண்டியது இந்த மிச்சத்தைத்தான்.

மூன்றாம் நாள் அவரே வந்தார். கையில் ஒரு தொகை, ஒரு தாள். "நமக்குள்ள எதுக்குத் தம்பி, இதை வச்சுக்கங்க" என்றார். தாளில், இந்தச் சம்பவம் தொடர்பாக இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எழுதியிருந்தது. நல்ல மனதோடுதான் வந்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன், பேனாவைக் கையில் எடுத்தும்விட்டேன். எதற்கும் ஒரு வார்த்தை என்று இன்சூரன்ஸ் நிறுவனத்தில் என் கிளைமைப் பார்க்கும் பெண் அலுவலருக்குப் போன் செய்தேன். "சார், தயவுசெஞ்சு கையெழுத்து போடாதீங்க" என்றார். நமக்குப் பணம் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை உண்மையில் பொறுப்பானவரிடம் கேட்டு வாங்கும் உரிமை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு வந்துவிடுகிறது. நாம் நம் இடத்தை அவர்களுக்குக் கொடுக்கிறோம். நான் "எல்லாம் தீர்ந்தது" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்கள் யாரிடமும் கேட்க முடியாது, அதைக் காட்டி என் கிளைமையே மறுக்கலாம். பெரியவரிடம் விஷயத்தை அப்படியே சொன்னேன். முகம் சுருங்கியது, ஆனால் சண்டை போடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று உறவில் ஒரு வக்கீலிடம் கேட்டேன். மரம் ஒருவர் வீட்டில் நின்றது என்பதாலேயே அவர் பொறுப்பாளி ஆகிவிட மாட்டார் என்பதுதான் அவர் முதலில் சொன்னது, எனக்கு அது அதிர்ச்சியாகத்தான் இருந்தது. இங்கிலாந்துச் சட்டத்தின் வழி வந்த நாடுகளில் இதற்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு, 1926-ஆம் ஆண்டு நோபிள் எதிர் ஹாரிசன். வானிலை நன்றாக இருந்த ஒரு நாளில் ஒரு பீச் மரக் கிளை முறிந்து, சாலையில் போன பேருந்தின் மேல் விழுந்தது. கிளைக்குள் இருந்த பழுது வெளியே யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது என்பதால் நிலத்துக்காரர் பொறுப்பில்லை என்று தீர்ப்பானது.

ஆனால் இயற்கை செய்தது என்று சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம் என்பதும் இல்லை. 1966-இல் தீர்ப்பான கோல்ட்மேன் எதிர் ஹார்கிரேவ் என்று ஒரு வழக்கு, சம்பவம் ஆஸ்திரேலியாவில் நடந்தது. இடி விழுந்து மரம் தீப்பிடித்தது, அது யார் தப்பும் இல்லை. நிலத்துக்காரர் மரத்தை வெட்டிச் சாய்த்தார், ஆனால் தண்ணீர் ஊற்றி முழுக்க அணைக்காமல், தானாக எரிந்து அடங்கட்டும் என்று விட்டார். காற்று கிளம்பி, தீ பக்கத்து நிலங்களுக்குப் பரவியது. ஆபத்து தெரிந்த பிறகு செய்யக்கூடியதைச் செய்யவில்லை என்பதற்காக அவர் பொறுப்பானார். ஆக, கேள்வி இதுதான்: மரம் கெட்டிருப்பது அதன் உரிமையாளருக்குத் தெரியுமா, அல்லது சாதாரணமாகப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்குமா? அன்றைக்கு அடித்த காற்றில் நல்ல மரங்களும் விழுந்திருந்தால் வாதம் பலவீனமாகும். எங்கள் தெருவில் விழுந்தது அந்த ஒரே மரம்.

"அப்பவே சொன்னேன்" என்று அந்த அக்கா சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் போய்க் கேட்க மனம் வரவில்லை, அவர் வாடகைக்கு இருப்பவர், நாளைக்கே வீட்டைக் காலி செய்யச் சொன்னால் என்ன செய்வார்? ஒரு வாரம் கழித்து அவரே வந்தார். உரிமையாளருக்கு 5 மாதம் முன்னால் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை எடுத்துக் காட்டினார், காளானின் படத்தோடு: "சார் மரம் லேசா சாயற மாதிரி இருக்கு, குழந்தைங்க விளையாடுற இடம், பயமா இருக்கு." கீழே நீல டிக். "உங்க அம்மா அந்தக் கார்ல ஏறி இறங்குறதைத் தினமும் பார்ப்பேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். அவர் செய்த உதவியை நான் மறக்கப் போவதில்லை.

அதன் பிறகு உரிமையாளருக்கு ஒரு கடிதம், பதிவுத் தபாலில். கோபமாக ஒரு வரிகூட இல்லை. என்ன நடந்தது, அடிமரம் எப்படி இருந்தது, எந்தத் தேதியில் அவருக்குத் தகவல் போனது, என்ன தொகை, எதற்கு எவ்வளவு. கடைசியில், உங்கள் வீட்டுக் காப்பீட்டில் மற்றவர் நஷ்டத்துக்கான பிரிவு இருந்தால் இந்தக் கடிதத்தை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள் என்று ஒரு வரி. வழி திறந்தது அந்த வரியில்தான் என்று நினைக்கிறேன். தன் கைப்பணம் போகும் என்று பயந்துகொண்டிருந்தவருக்கு அப்படி ஒரு பிரிவு தன் பாலிசியில் இருப்பதே தெரியாது. அவருடைய காப்பீட்டு நிறுவனம் ஒரு மர நிபுணரை அனுப்பியது. அவர் பார்க்க மிச்சம் இருந்தது என் வீட்டு வராந்தாவில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த அந்த வட்டத் துண்டும், படங்களும், நிரப்பப்பட்ட ஒரு குழியும்தான்.

சாலையோர மரமாக இருந்திருந்தால் உரிமையாளர் இடத்தில் உள்ளாட்சி அமைப்பு அல்லது சாலைத் துறை இருந்திருக்கும். கேள்வி அதேதான், ஆனால் அரசு அமைப்புகளுக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கப் பல இடங்களில் தனியாகக் குறுகிய கெடு வைத்திருக்கிறார்கள், அதைத் தவறவிட்டால் நல்ல வழக்கும் போய்விடும். அந்த மரத்தைக் கடைசியாக எப்போது பார்வையிட்டார்கள், யாராவது புகார் கொடுத்திருந்தார்களா என்ற பதிவைக் கேட்டு வாங்க வேண்டும். நம் வீட்டு மரமே நம் கார் மேல் விழுந்தால் கேட்க யாரும் இல்லை, நம் கார் பாலிசி ஒன்றுதான்.

7 மாதம் ஆனது. இரண்டு நிறுவனங்களும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டன. என் டிடக்டிபிள் முழுதும் திரும்பி வந்தது, செலவு முழுக்க மீட்கப்பட்டுவிட்டதால் நோ கிளைம் போனஸையும் திருப்பிப் போட்டார்கள். சக்கர நாற்காலிக்கு முழுத் தொகை. வாடகைக் காருக்குக் கேட்டதில் பாதிதான் கொடுத்தார்கள், தினமும் தேவைப்பட்டதற்கு ஆதாரம் போதாது என்று. மருத்துவமனைச் சீட்டுகளை எடுத்து வைத்திருந்தேன், வாடகை ரசீதுகளில் பல நாளுக்குரியதை வாங்காமல் விட்டிருந்தேன்.

அந்த அக்கா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். உள்ளே இன்னும் 2 மரங்கள் நிற்கின்றன. பெரியவர் போன மாதம் ஆள் கூட்டி வந்து இரண்டையும் அடியிலிருந்து தட்டித் தட்டிப் பார்க்க வைத்தார். ஒன்றில் ஒரு காய்ந்த கிளையை மட்டும் இறக்கினார்கள், மரங்கள் நன்றாக இருப்பதாகச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள், அதன் ஒரு நகலை அவரே என் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்.