பெயிண்ட் கேஜும் பழைய காரும்

பழைய கார் வாங்குபவர்களுக்காக வண்டியைப் பார்த்துச் சொல்வது என் வேலை. பையிலிருந்து பெயிண்டின் கனத்தை அளக்கும் பெயிண்ட் கேஜை எடுத்தாலே விற்பவருக்குக் கலக்கம் வந்துவிடுகிறது. வாங்குபவரோ திரையில் ஒரு பெரிய எண் வந்ததும் "வேண்டாம் சார், வேற வண்டி பார்ப்போம்" என்கிறார். அந்த எண் எந்த இடத்தில் வந்தது என்று பார்க்காமல் முடிவெடுப்பது சரியில்லை.

இரும்புத் தகட்டுக்கு மேல் பூச்சு எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கிறது என்பதைக் காந்தப்புலத்தை வைத்து இந்தக் கருவி அளக்கிறது. அலுமினியத்துக்குச் சுழல் மின்னோட்ட முறை. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் எதையும் காட்டாது. கூடவே வரும் தகட்டில் வைத்துப் பூஜ்யம் சரிபார்த்துவிட்டு, நான் முதலில் கூரைக்குத்தான் போவேன். அடிபடுவதற்கு வாய்ப்புக் குறைந்த இடம் அது. அங்கே கிடைக்கும் எண்ணை அந்த வண்டிக்கான அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். கதவைத் திறந்து உள்பக்கம் வைத்தால் இன்னும் குறையும். 200, 300 என்றால் மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். 500-ஐத் தாண்டினால் அடியில் நெளிவை நிரப்பிய பட்டி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன். ஒவ்வொரு பாகத்திலும் நாலைந்து இடம் வைத்துப் பார்க்க வேண்டும். ஓரத்திலும் வளைவிலும் எண் தப்பாக வரும்.

சென்னை மாதிரி ஊரில் பின்கதவில் 280 வந்தால் நான் அலட்டிக்கொள்வதில்லை. கேட்டில் உரசியிருக்கும், பக்கத்தில் போன ஆட்டோ கீறியிருக்கும். அதே வண்டியில் பின்கண்ணாடியை ஒட்டிய தூணில் 600 வந்தால் கதையே வேறு. அது போல்ட் கழற்றி மாற்றுகிற பாகம் இல்லை, பாடியோடு வெல்டிங் ஆனது. உடனே டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியைத் தூக்கி, அடித்தகடு நெளிந்திருக்கிறதா, வெல்டிங் புள்ளிகள் கம்பெனி போட்டது மாதிரியே இருக்கின்றனவா என்று பார்ப்பேன். கதவில் எண் சரியாக வந்தாலும் கீல் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். கதவையே மாற்றியிருக்கலாம்.

குறைந்த எண்ணைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. மற்ற இடமெல்லாம் 110 இருக்கும்போது பானெட்டில் மட்டும் 60 வந்தால், ரப்பிங் பாலிஷ் போட்டுப் போட்டு மேலே இருக்கும் 'கிளியர் கோட்' என்கிற நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சைத் தேய்த்திருக்கிறார்கள் என்றே சந்தேகப்படுவேன். நம்ம ஊர் வெயிலுக்கு அந்த இடத்துப் பெயிண்ட் சீக்கிரம் வெளுத்துவிடும்.

எண்ணை விற்பவரிடம் எப்படிச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். "ஒரு கீறல்கூட விழுந்ததில்லை தம்பி" என்று ஒரு பெரியவர் உறுதியாகச் சொன்னார். வலது ஃபெண்டரில் 260 வந்தது. ஆர்.சி.யைப் பார்த்தால் அவர் இரண்டாவது ஓனர். "உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அடிச்சிருப்பாங்க ஐயா" என்று கேஜைக் காட்டினேன். அவரே சர்வீஸ் பில்களை எடுத்துவந்து கொடுத்தார்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை இந்தக் கருவி காட்டிக்கொடுக்காது. 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. தண்ணீரில் நின்றதால் பெயிண்டின் கனம் மாறிவிடாது. அதனால் எண்கள் எவ்வளவு நன்றாக வந்தாலும் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்க்கிறேன். அப்புறம் கார்பெட்டைத் தூக்கி, சீட்டுக்கு அடியில் துரு தேடுகிறேன்.