மூன்றே முக்கால் லட்சம்

பிளேனோ, டெக்சாஸ்
2 மார்ச் 2024, சனி

கடைக்காரர் இன்று விலையைச் சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டார். 4,200 டாலர். இங்கே விற்பனை வரி 8.25 சதவீதம். அதையும் கூட்டினால் 4,546 டாலர் 50 சென்ட். முன்பணம் கட்டினால் பெயர் வரிசையில் ஏறும், துப்பாக்கி கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்.

நான் ஆசைப்படுவது நைட்ஹாக் கஸ்டம் என்ற பட்டறை செய்யும் 1911 என்ற கைத்துப்பாக்கி. ஆர்கன்சாஸில் பெர்ரிவில் என்ற சின்ன ஊரில் செய்கிறார்கள். அதே ஊரில்தான் வில்சன் காம்பேட் என்ற பட்டறையும் இருக்கிறது; அது 1977இல் பில் வில்சன் தொடங்கியது. அங்கே வேலை பார்த்தவர்கள் பிரிந்துபோய் 2004இல் நைட்ஹாக்கைத் தொடங்கினார்கள். நல்ல பட்டறை ஒன்று இருந்தால் பக்கத்துத் தெருவில் இன்னொன்று முளைப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். நைட்ஹாக்கில் ஒரு துப்பாக்கியை முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஆள்தான் செய்வார். கைப்பிடித் தகட்டைக் கழற்றினால் அடியில் அவருடைய இனிஷியல் இருக்கும்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு 1911 உண்டு. பிலிப்பைன்ஸில் செய்தது, 500 டாலர். இரண்டும் ஜான் பிரவுனிங் வரைந்த அதே வடிவம், அதே .45 தோட்டா. எட்டு மடங்கு விலை எதற்கு என்பதுதான் கேள்வி.

மனைவியிடம் சீட்டைக் காட்டவில்லை.

5 மார்ச், செவ்வாய்

கணக்குப் போட்டேன். ஐம்பது தோட்டா உள்ள பெட்டி எனக்குக் கிடைப்பது 22 டாலர் 50 சென்ட்டுக்கு. ஒரு தோட்டா 45 சென்ட். 4,546 டாலருக்குப் பத்தாயிரம் தோட்டா வாங்கலாம். மாதம் இருநூறு சுடுகிறேன். நான்கு வருடத்துக்கு மேல் வரும். கிளப்பில் எல்லோரும் சொல்லும் புத்திமதியும் இதுதான்: காசைத் துப்பாக்கியில் போடாதே, தோட்டாவில் போடு. சொல்கிறவர்கள் வீட்டில் எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

நான் போட்டியில் சுடுவது யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற துப்பாக்கிப் போட்டி அமைப்பின் சிங்கிள் ஸ்டாக் பிரிவில், அதாவது 1911 மாதிரித் துப்பாக்கிகளுக்கான பிரிவில். அட்டை இலக்கில் முழுப் புள்ளி கிடைக்கும் நடுக்கட்டம் ஆறு அங்குல அகலம், பதினொரு அங்குல உயரம். எங்கள் கிளப்பில் பெரும்பாலும் பதினைந்து கஜத்துக்குள்தான் நிற்க வைப்பார்கள். இதற்கு ஓர் அங்குலத்துக்குள் அடிக்கும் துப்பாக்கி எதற்கு? எட்டுத் தோட்டா தீர்ந்ததும் மேகசின் என்ற தோட்டாக் கூட்டை மாற்றுவதில் நான் தொலைக்கிற நேரம்தான் என்னைத் தோற்கடிக்கிறது. அதற்கு யாரும் துப்பாக்கி விற்பதில்லை.

9 மார்ச், சனி

கிளப்பில் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் இருக்கிறார். நான் கேட்கும் அதே மாடல் அவரிடம் இருக்கிறது. கேட்காமலே கையில் கொடுத்து, "சுட்டுப் பார்" என்றார்.

25 கஜம், மணல் மூட்டை மேல் கையை வைத்து ஐந்து குண்டு. என்னுடையது மூன்றே முக்கால் அங்குலத்தில் பரவியது. அவருடையது ஒன்றேகால். அப்புறம் நின்றுகொண்டு, கையை நீட்டிச் சுட்டேன். என்னுடையதில் ஆறு அங்குலம், அவருடையதில் ஐந்து. நின்று சுடும்போது இரண்டரை அங்குல வித்தியாசத்தில் ஒன்றரையை என் கை தின்றுவிட்டது.

ஆனால் அந்த ட்ரிகர்! சந்தையில் பிஞ்சு வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்போமே, அதுபோல டக்கென்று விட்டது. என்னுடையது முற்றின வெண்டைக்காய், வளையுமே தவிர ஒடியாது. வீட்டுக்கு வரும் வழி முழுக்க விரல் அதையே நினைத்துக்கொண்டிருந்தது.

10 மார்ச், ஞாயிறு

இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் நாள். அப்பாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை, வழக்கம்போல இருட்டிலேயே எழுந்து உட்கார்ந்திருந்தார். திருச்சியிலிருந்து வந்து ஆறு வாரமாகிறது. காபி குடிக்கும்போது விலையை உளறிவிட்டேன். அவர் உடனே எண்பத்து மூன்றால் பெருக்கினார்.

"மூணே முக்கா லட்சமா? எனக்குக் கிராஜுட்டியே அவ்வளவு வரலடா."

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, எது மூணே முக்கா லட்சம்?" அந்தக் கதை தனி.

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "யாரு ராவினது?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை. திருவெறும்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் 37 வருடம் ஃபிட்டர், 2005இல் ஓய்வு. கடைசிக் காலத்தில் செய்தது இந்திய ராணுவத்தின் இன்சாஸ் ரைபிள். விலையைக் கேட்டதும் அவருக்குத் தோன்றியது எந்தக் கம்பெனி என்று இல்லை, அரம் பிடித்த கை யாருடையது என்றுதான்.

16 மார்ச், சனி

அப்பாவைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு அழைத்துப் போனேன். போகும் முன்பே சட்டத்தைச் சொல்லிவிட்டேன். அவர் வந்திருப்பது பி-2 என்ற சுற்றுலா விசாவில். குடியேற்றம் அல்லாத விசாவில் இந்த நாட்டுக்குள் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் சட்டம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு, எங்களுக்கு அது எதற்கு? ரேஞ்சில் ஒரு நிமிடம் கையில் வாங்கிப் பார்ப்பதும்கூட அந்தத் தடையில் அடங்கும். எச்-1பி வேலை விசாவில் இருந்த காலத்தில் எனக்கும் இதே கதைதான். 2022இல் கிரீன் கார்டு வந்த பிறகுதான் இந்தப் பக்கமே வந்தேன்.

வாழ்நாள் முழுக்க ரைபிள் செய்த மனுஷர் காதில் சத்தம் தடுக்கும் மஃப் மாட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுடும் கோட்டுக்குப் பின்னால் நின்றார். தாடிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வழியும் அவருக்குத் தெரிந்திருந்தது. சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது கைப்பிடியோடு சேர்ந்த அடிச்சட்டமான ஃபிரேம்தான். வரிசை எண் அதில்தான் இருக்கிறது. மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு, அதற்குள் இருக்கும் குழலான பேரல், பேரலின் முனையை ஸ்லைடில் பிடித்து வைக்கும் வளையமான புஷிங் எல்லாம் உதிரி பாகங்கள், தபாலில் வீட்டுக்கே வரும். அவர் தன் துப்பாக்கியைக் கழற்றி, ஃபிரேமைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மற்றதை ஒரு துண்டு விரித்து அப்பா முன்னால் வைத்தார்.

அப்பா முதலில் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். (ஆமாம், டெக்சாஸ் ரேஞ்சில் வேட்டி. தொப்பி போட்டவர்கள் எல்லோரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள்.) பேரலை ஸ்லைடுக்குள் உட்கார வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பின்பக்கம் இரண்டு ஓரமும் ஒரே அளவு வெளிச்சக் கீற்று. கட்டை விரல் நகத்தால் லக் என்ற பூட்டுப் பல் மேல் இழுத்தார். இது எப்படி ஓடும் என்று கேட்டார், சொன்னேன்: சுட்டதும் ஸ்லைடும் பேரலும் சேர்ந்து கொஞ்சம் பின்னால் போகும், பேரலின் பின்பக்கம் கீழே இறங்கி ஸ்லைடை விட்டுவிடும், திரும்பி வரும்போது மறுபடி மேலே ஏறிப் பூட்டிக்கொள்ளும்.

"எங்க ரைபிள்ல குழா அசையாது. இதுல அசையுது. குறி பாக்குறது ஸ்லைடு மேல, குழா அதுக்குள்ள. ரெண்டும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல வந்து உக்காரணும். அதுக்குத்தானே காசு?"

ஒரு வருடமாக நான் படித்ததெல்லாம் இவ்வளவுதான்.

தாடிக்காரர் என்னிடம் கேட்டார், உன் அப்பா என்ன சொல்கிறார் என்று. அப்பாவின் தீர்ப்பு: "சுத்தமான வேலை. மெஷின் முக்காவாசி முடிச்சுக் குடுத்திருக்கு, மிச்சக் காவாசிக்கு ஒருத்தன் நாள்கணக்குல உக்காந்திருக்கான். கோடு ரெண்டு பக்கமா போகுது பாரு, அது கைக் கோடு." மொழிபெயர்த்தேன். தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றி, தன் துப்பாக்கியைத் தானே முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

எனக்குப் பிடித்த ட்ரிகர் வேலை மட்டும் பூட்டிய பெட்டியில் இருந்தது. அது ஃபிரேமுக்குள் இருப்பது. அதைப் பற்றி அப்பாவிடம் கேட்க வழியில்லை.

17 மார்ச், ஞாயிறு

என் துப்பாக்கியின் ஸ்லைடையும் பேரலையும் அப்பாவிடம் கொடுத்தேன். ஃபிரேம் பெட்டகத்தில், சாவி என் சட்டைப் பையில். புஷிங்கில் பேரலை விட்டு ஆட்டினார். லொட லொட.

"இது ஃபிட்டிங் இல்ல தம்பி. மாட்டி வெச்சிருக்கு."

கேவலமாகச் சொல்லவில்லை. தொழிற்சாலையில் அவர்கள் பட்ட பாடே இப்படி மாட்டி வைக்கத்தான் என்றார். எந்த ரைபிளின் உதிரியும் எந்த ரைபிளிலும் ராவாமல் பொருந்த வேண்டும். மலை மேல் இருக்கிற சிப்பாயிடம் அரம் கிடையாது. பிரவுனிங்கின் வடிவமும் அதே நோக்கத்தில் வந்ததுதான்: அமெரிக்க ராணுவத்துக்கு, சேற்றிலும் மழையிலும் ஓட வேண்டியது. 1911ஆம் வருட மார்ச் சோதனையில் 6,000 குண்டு சுட்டு ஒரு தடவைகூடச் சிக்காமல் ஓடியது. சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். இப்போது நாம் காசு கொடுத்து அந்த இடைவெளியை ஒவ்வொன்றாக அடைக்கிறோம். அடைத்த பிறகு ஒரு பாகம் கெட்டால் கடையில் வாங்கிப் போட முடியாது, அந்தக் கைக்காரரிடமே அனுப்ப வேண்டும்.

"அப்ப வாங்க வேணாங்கிறீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? கூலி நியாயமான கூலிதான். உனக்கு அந்த வேலை வேணுமான்னு நீ பாத்துக்க."

22 மார்ச், வெள்ளி

கடைக்காரர் போன் செய்தார். ஒரு வாரம் டைம் கேட்டேன். தேய்த்துப் பொருத்துவதற்கென்றே கொஞ்சம் பெரிதாக வரும் மேட்ச் புஷிங் இரண்டு ஆர்டர் போட்டிருக்கிறேன், ஒன்று 28 டாலர். வெளிப்பக்கத்தை ஸ்லைடுக்கும் உள்பக்கத்தைப் பேரலுக்கும் தேய்த்துப் பொருத்த வேண்டும். புஷிங் துப்பாக்கி இல்லை, ஸ்லைடு துப்பாக்கி இல்லை, பேரலும் இல்லை. அப்பா தாராளமாகத் தொடலாம்.

30 மார்ச், சனி

நேற்றுடன் அமெரிக்க ராணுவம் 1911ஐ ஏற்றுக்கொண்டு 113 வருடம். அதைக் கொண்டாடும் விதமாக முதல் புஷிங்கைக் கெடுத்தேன். டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு உப்புத்தாளைப் பிடித்தேன், போன் வந்தது, திரும்பிப் பார்ப்பதற்குள் அளவு போய்விட்டது. இப்போது பழையதைவிட லொட லொட.

அப்பா திட்டவில்லை. ஐ.டி.ஐ.யில் முதல் மாதம் முழுக்க ஒரு இரும்புக் கட்டையைச் சதுரமாக ராவ வைத்ததையும், மூலைமட்டத்தை வைத்தால் வெளிச்சம் தெரிகிறது என்று வாத்தியார் அதைத் தூக்கி எறிந்ததையும் சொன்னார். 28 டாலரை எண்பத்து மூன்றால் பெருக்கவும் செய்தார்.

8 ஏப்ரல், திங்கள்

முழு சூரிய கிரகணம். மதியம் தெருவே இருட்டி, கோழி அடையும் நேரம் மாதிரி ஆனது. அப்பா வெளியே வந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்ப கராஜுக்குப் போய்விட்டார்.

இரண்டாவது புஷிங் பத்து நாளாக அவர் கையில். டிரில் கிடையாது. மார்க்கர் பேனாவால் கறுப்படிக்கிறார், செருகுகிறார், எடுக்கிறார், கறுப்பு அழிந்த இடத்தில் மட்டும் தேய்க்கிறார். நான் வாங்கிக் கொடுத்த டிஜிட்டல் வெர்னியரை நம்புவதில்லை, பேட்டரி போட்டு ஓடுவது அளவு சொல்லுமா என்கிறார். நாலாவது நாள் அவராகவே ஒன்று கண்டுபிடித்தார்: பேரலின் பின்பக்கம் இறங்கும்போது முன்பக்கம் சாயும், அதனால் உள்துளை நேர் வட்டமாக இறுக்கினால் பேரல் வளைந்து அழுத்தும். உள்ளே மேலும் கீழும் சாய்வாகக் கொஞ்சம் எடுக்க வேண்டும். மேட்ச் புஷிங் பொருத்துகிறவர்கள் செய்வது இதைத்தான். நான் சொல்லித் தரவில்லை.

13 ஏப்ரல், சனி

ரேஞ்ச். மணல் மூட்டை, 25 கஜம், ஐந்தைந்தாக ஐந்து தடவை. சராசரி இரண்டரை அங்குலம். முன்பு மூன்றே முக்கால். தாடிக்காரரின் ஒன்றேகால் இல்லைதான். ஆனால் ஆறு அங்குலக் கட்டத்துக்கு இது போதும், அதைவிடச் சின்னதாகச் சுட என் கைக்கு இன்னும் தெரியாது.

ட்ரிகர் அதே முற்றின வெண்டைக்காய். அதைச் சரிசெய்ய உள்ளூர் கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி மெக்கானிக், ஒருவர் 175 டாலர் கேட்கிறார். கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

14 ஏப்ரல், ஞாயிறு

புத்தாண்டு. மனைவி மாங்காய்ப் பச்சடியில் போட வேப்பம்பூ தேடி இரண்டு இந்தியக் கடை அலைந்தாள். கடைக்காரருக்கு மெசேஜ் அனுப்பினேன்: இப்போதைக்கு என் பெயரைச் சேர்க்க வேண்டாம். வேண்டவே வேண்டாம் என்று எழுத வரவில்லை. அந்த இனிஷியல் சமாச்சாரம் இன்னும் மனசில் இருக்கிறது.

சாப்பிட்டபின் துடைத்த பேரலையும் புஷிங்கையும் அப்பா கேட்டு வாங்கினார். ஜன்னலோரம் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேரலின் முனையில் கீழ்ப்பக்கம் மட்டும் பளபளவென்று ஒரு பிறை.

"இங்க மட்டும் பிடிக்குது. சுத்தி வரணும்."

"பரவாயில்லப்பா, நல்லாத்தான் அடிக்குது."

"உனக்குப் பரவாயில்ல. டிக்கெட் எப்ப, ஜூன்தானே? இன்னொண்ணு வரவழை."