ஏத்தங்காய்ப் பொடியும் நீல மூடிப் பாலும்

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கமிருந்து பிரிட்டனுக்கு வரும் குடும்பத்தின் பெட்டியில் பிள்ளைக்கென்று ஒரு பொதி ஏத்தங்காய்ப் பொடி, அதாவது உலர்த்திப் பொடித்த நேந்திர வாழைக்காய் மாவு, இருக்கும். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு அது நல்ல தொடக்கம்தான். ஊரில் அதோடு காலை வெயிலும், அன்றன்று வரும் சாளை (மத்தி) மீனும், முற்றத்து முருங்கையும் சேர்ந்திருந்தன. இங்கே பொடி மட்டும் வந்து சேர்கிறது. அதையே மூன்று வேளையும் கொடுக்கும்போதுதான் பிள்ளைக்குச் சத்துக் குறைகிறது.

பொடி தீர்ந்தால் கவலைப்பட வேண்டாம். ஆப்பிரிக்க, கரீபியக் கடைகளில் ‘பிளான்டெயின்’ என்று விற்கும் பச்சைக்காய் ஏத்தன் இனம்தான். தோலைச் சீவி, 2 மி.மீ. கனத்தில் வட்டமாக நறுக்கி, ‘அவன்’ (oven) அடுப்பில் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் கதவைச் சற்றே திறந்து வைத்து 6 முதல் 8 மணி நேரம் உலர்த்துங்கள். துண்டு சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அப்படியே பொடித்தால் பூசணம் பிடிக்கும்.

ஒரு மேசைக்கரண்டிப் பொடியை 150 மி.லி. ஆறிய தண்ணீரில் கரைத்த பிறகே அடுப்பில் வையுங்கள். கொதிநீரில் போட்டால் மாவின் மேற்புறம் உடனே வெந்து ஒட்டிக்கொள்ள, உள்ளே பச்சை மாவு சிக்கிக் கட்டி விழும். சிறு தீயில் 6, 7 நிமிடம் கிண்டினால் பளபளப்பு வரும். கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழிய வேண்டும். தண்ணீராக ஓடினால் பிள்ளையின் சிறு வயிறு நீரால் நிறையும், சத்து சேராது. சர்க்கரையோ கருப்பட்டியோ வேண்டாம், இரண்டும் முளைக்கும் பல்லுக்குக் கேடு. தேனை ஒரு வயதுக்கு முன் நாக்கில்கூடத் தொட்டு வைக்காதீர்கள். அதிலிருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிர் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும்.

ஏத்தங்காயில் மாவுச்சத்து நிறைய, இரும்புச்சத்து கொஞ்சம். பிறக்கும்போது உடலில் இருந்த இரும்பு ஏறக்குறைய ஆறு மாதத்தில் குறைந்துவிடும். தாய்ப்பால் மட்டும் அதை ஈடுகட்டாது. எனவே கூழ் ஒரு வேளை போதும். மற்ற வேளைகளில் மைசூர்ப் பருப்பைக் குழைய வேகவைத்துச் சோற்றோடு மசித்து, தக்காளியோ இரண்டு சொட்டு எலுமிச்சையோ சேருங்கள். அந்தப் புளிப்பிலுள்ள வைட்டமின் சி பருப்பின் இரும்பை உடலில் ஏற்றும். முட்டை, கொத்துக்கறி, முள் நீக்கிய மீன் எல்லாம் ஆறு மாதத்திலிருந்தே ஆகும். சாளை இங்கே டப்பாவில் கிடைக்கும். உப்புநீரில் போட்டதைத் தவிருங்கள். சுறாப்புட்டு நமக்கு எவ்வளவு பிடித்தாலும் பிள்ளைக்கு வேண்டாம், சுறாவில் பாதரசம் அதிகம். வீட்டுக் குழம்பில் உப்புப் போடுமுன் பிள்ளையின் பங்கை எடுத்துவிடுங்கள்: ஒரு வயது வரை நாளுக்கு மொத்த உப்பே 1 கிராமுக்குக் கீழ்தான் இருக்கலாம்.

ஒன்பது மாதத்திலும் எல்லாவற்றையும் மிக்சியில் அடிப்பது அன்பினால் நடக்கும் தவறு. ஊரிலிருந்து வந்த பாட்டி விக்கிவிடுமோ என்று பயப்படுவார். அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். ஏழாம் மாதத்திலிருந்தே கையால் மசித்து, பிறகு சிறு கட்டிகளாக விட்டால்தான் பிள்ளை மென்று தின்னப் பழகும். திராட்சையை மட்டும் நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள்.

பசும்பாலைச் சமையலில் ஆறு மாதத்திலிருந்து சேர்க்கலாம். குடிக்கும் பாலாக 12 மாதத்துக்குப் பிறகே. அதுவரை தாய்ப்பால் அல்லது பிறந்ததிலிருந்தே கொடுக்கும் முதல்நிலைப் பால்மாவு (first infant formula). மாவு கிருமி நீக்கப்பட்டதல்ல; அதனால் தண்ணீரைக் கொதிக்கவைத்து, 30 நிமிடத்துக்குமேல் ஆறவிடாமல், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலந்து, பிறகு குளிரவைத்துக் கொடுங்கள். ஒரு வயதானதும் கடையில் நீல மூடிப் பால் (மூடி நிறமற்றதாக இருந்தால் நீல லேபிள்), அதாவது கொழுப்பு எடுக்காதது. பாதிக் கொழுப்பு எடுத்த பச்சை மூடிப் பால் இரண்டு வயதுக்குப் பிறகு; கொழுப்பு முழுதும் எடுத்த சிவப்பு மூடி ஐந்து வயதுக்கு முன் வேண்டாம். நாளுக்கு 350 மி.லி. போதும். சாப்பிடவில்லையே என்று லிட்டர் கணக்கில் கொடுத்தால் வயிறு நிறைந்து இன்னும் சாப்பிடாது, இரத்தசோகையும் வரும். அந்தப் பாலும் பாட்டிலில் அல்ல, மூடியில்லாத கோப்பையில்.

மிஞ்சிய சோற்றை அடுப்படியிலேயே விடும் பழக்கம் இங்கும் தொடர்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

எண்ணெய் தேய்த்து இளவெயிலில் கிடத்தும் வழக்கத்துக்கு இங்குள்ள குளிர்காலம் இடம் தராது. வெயில் பட்டு வைட்டமின் டி உண்டாக நம் கருமையான தோலுக்கு இன்னும் கூடுதல் வெயில் வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே நாளுக்கு 8.5 முதல் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி சொட்டு மருந்து தேவை. பால்மாவு 500 மி.லி.க்கு மேல் குடித்தால் வேண்டாம், அதிலேயே கலந்திருக்கும்.

ஹெல்த் விசிட்டர், அதாவது சிறு பிள்ளைகளின் வளர்ச்சியைக் கவனிக்கும் செவிலியர், என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்கும்போது ‘போரிட்ஜ்’ என்று மட்டும் சொன்னால் ஓட்ஸ் என்று எண்ணிக்கொள்வார். வாழைக்காய் மாவு எத்தனை கரண்டி, பருப்பு எவ்வளவு, பால் எத்தனை மி.லி. என்று ஒரு வாரத்துக்கு எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.