கலாலிசுத் நாட்குறிப்பு: நாய் யாருடையது?

பிப்ரவரி 2

கிரீன்லாந்தின் கலாலிசுத் மொழியில் இப்போது உடைமை விகுதிகளுக்கு வந்திருக்கிறேன். 'கிம்மெக்' என்றால் நாய். 'பீத்தப் கிம்மினி அசவா' என்றால் பீத்தக் என்பவன் தன் நாயை நேசிக்கிறான். அதையே 'கிம்மிய' என்று மாற்றினால் நாய் வேறு யாருடையதோ ஆகிவிடும், இல்லாவிட்டால் பீத்தக்கின் நாயை வேறொருவன் நேசிக்கிறான் என்று ஆகும், ஏனென்றால் செயப்படுபொருள் குன்றாவினையின் எழுவாய்க்கும் உடையவருக்கும் அங்கே ஒரே உருபுதான், 'பீத்தப்' என்பதன் கடைசியில் வரும் அந்த 'ப்'. நமக்கும் தன், அவன் இரண்டும் இருக்கின்றன. ஆனால் 'முருகன் அவன் நாயைக் கூட்டிக்கிட்டு போனான்' என்று நாம் முருகனுடைய நாயையே சொல்வதுண்டு. கலாலிசுத்தில் அந்தத் தளர்வு கிடையாது, எனக்கு அந்தக் கறார் ரொம்பப் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 5

'கிம்மினி' ஒரு நாயா பல நாயா என்று காட்டாது, அதை வினைதான் காட்டும்: ஒன்று என்றால் 'அசவா', பல என்றால் 'அசவை'. உடையவர்கள் பலரானாலும் வேறுபாடு அப்படியே நிற்கிறது. 'இல்லொர்த்திக்' தங்கள் வீடு, 'இல்லுவத்' மற்றவர்களின் வீடு. அங்கே ஆட்சி செய்த டேனியர்களின் மொழியிலும் 'சின்' (தன்), 'ஹன்ஸ்' (அவனுடைய) என்று ஒருமையில் இந்தப் பிரிவு உண்டு, பன்மை எழுவாய் வந்ததும் காணாமல் போய்விடும்.

பிப்ரவரி 6

கலாலிசுத்துக்கு இலக்கணம் எழுதிய சாமுவேல் க்ளைன்ஷ்மிட் கிரீன்லாந்திலேயே பிறந்தவர். அந்த இலக்கணம் 1851இல் பெர்லினில் அச்சானது. லத்தீன் இலக்கணத்தின் சட்டகத்துக்குள் இந்த மொழியைத் திணிக்காமல் அது இருக்கிறபடியே விவரித்தார், அந்தக் காலத்தில் அது பெரிய காரியம். 2009 முதல் கிரீன்லாந்தின் ஒரே ஆட்சிமொழி கலாலிசுத்தான்.

பிப்ரவரி 11

இன்றைக்குப் படித்ததுதான் உண்மையிலேயே ருசியானது. 'நுலியனி திக்கிம்மத் நுவன்னார்பொக்': தன் மனைவி வந்ததால் அவன் மகிழ்ந்தான். வந்தது மனைவி, அந்தச் சிறு வாக்கியத்துக்கு அவளே எழுவாய், ஆனாலும் 'தன்' என்னும் பொருள் தரும் விகுதி 'னி' அவளைத் தாண்டிப் போய் கடைசியில் மகிழ்ந்தவனைப் பிடிக்கிறது. 'நுலிய திக்கிம்மத்' என்றால் வந்தவள் வேறொருவன் மனைவி. தமிழில் 'தன் மனைவி வந்ததால் மகிழ்ந்தான்' என்னும்போது நம் 'தன்'னும் இதே தாண்டலைச் செய்கிறது, இதற்கு முன் நான் அதைக் கவனித்ததே இல்லை.

அப்புறம், இது பெயர்ச்சொல்லோடு நிற்பதில்லை. மகிழ்ந்தவனே வந்தான் என்றால் வினை 'திக்கிக்கமி' ஆகிறது, வேறொருவர் வந்தார் என்றால் 'திக்கிம்மத்'. இதனால்தான் இதைப் படர்க்கைக்கு அடுத்த நான்காம் இடம் என்று சில இலக்கணிகள் தனியாக எண்ணுகிறார்கள். சரியான எண்ணிக்கை என்றுதான் எனக்கும் படுகிறது: வீடு, நாய், மனைவி, வருகை எல்லாவற்றிலும் ஒரே கேள்வியைத்தான் இந்த மொழி கேட்கிறது, முதன்மை வினையைச் செய்தவனா, இல்லை இன்னொருவனா.